கேட்டதும் சொன்னதும்: கல்லாவுக்கு மேலே ஒரு யூதர் படம்

போன இதழில், போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாம் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மதுரைக்கும் போலந்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஒருவர் போஸ்ட் கார்டில் கேட்டிருக்கிறார் (இன்னும் போஸ்ட் கார்டு எழுதுகிறவர் இருப்பதே சந்தோஷம்). கீழே இருக்கும் கேள்விகளைப் படித்தால் அவருக்கும் பதில் கிடைத்துவிடும்.

என் மகன் போலந்தில் கிராக்கோவ் நகரில் படிக்கிறான். அவன் சாப்பிடப் போகும் ஓட்டலில் கல்லாவுக்கு மேலே, தாடி வைத்த யூதர் ஒருவர் காசு எண்ணுகிற படம் மாட்டியிருக்கிறதாம். இது மரியாதையா, கேலியா?
வாசகி, மேலூர்

இரண்டும்தான் அம்மா, சிக்கலே அதில்தான் இருக்கிறது. நம் கடைகளில் கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் மாட்டி ஊதுபத்தி கொளுத்துவோமே, அந்த மாதிரி அங்கே காசு தங்குவதற்காக இதை மாட்டுகிறார்கள், வீடுகளிலும் உண்டு. கருப்புத் தொப்பி, வெள்ளைத் தாடி, மேஜை மேல் நாணயங்கள். படத்துக்குப் பின்னால் ஒரு சில்லறைக் காசைச் செருகி வைப்பவர்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமை வந்தால் படத்தைத் தலைகீழாக மாட்ட வேண்டுமாம், அப்போதுதான் அவர் வாரம் முழுக்க எண்ணிச் சேர்த்தது வீட்டுக்குள் கொட்டுமாம். சனிக்கிழமை யூதர்கள் காசைக் கையால் தொடாத ஓய்வு நாள். லட்சுமியை நாம் யாரும் தலைகீழாக மாட்டுவதில்லை.

மாட்டினவரைக் கேட்டால் நல்ல எண்ணத்தில்தான் மாட்டினேன் என்பார், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டில் தையல்காரராக, செருப்புத் தைப்பவராக, சுமை தூக்குபவராக, டாக்டராக, கவிஞராக வாழ்ந்த முப்பது லட்சம் பேரில் காசு எண்ணுகிற ஆள் மட்டும்தான் சுவரில் மிஞ்சியிருக்கிறார். நம் பழைய சினிமாக்களில் அடகுக்கடை சேட்டு வந்து 'நம்பள்கி நிம்பள்கி' என்று வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரிக்கும். நானும் சிரித்தவன்தான். என்னோடு படித்த ஒரு சேட்டுப் பையன், தெற்காவணி மூல வீதியில் அவன் அப்பாவுக்குக் கடை, எங்களோடு படம் பார்க்க வந்தால் அந்த இடத்தில் மட்டும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வான். அவன் செருப்பு வார் ஏன் எப்போதும் அந்த நேரத்தில் கழன்றது என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆனது.

மகன் ஓட்டல்காரரோடு சண்டைக்கெல்லாம் போக வேண்டாம். அதே ஊரில் கஸிமியர்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம், 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ரெமு வழிபாட்டுக்கூடம் இன்றும் நிற்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்கட்டும்.

அவ்வளவு வெறுப்பு இருந்த நாட்டில் யூதர்கள் ஏன் லட்சக்கணக்கில் போய்க் குடியேறினார்கள்?
வாசகர், திருப்பரங்குன்றம்

முதலில் அங்கிருந்து போனது அழைப்பு சார், வெறுப்பு பின்னால் வந்தது. இங்கிலாந்து 1290இல் யூதர்களைத் துரத்தியது, ஸ்பெயின் 1492இல் துரத்தியது. போலந்திலோ 1264லேயே போலெஸ்வாஃப் என்ற சிற்றரசர் கலிஷ் நகரில் யூதர்களுக்குப் பாதுகாப்புப் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டார், 1334இல் மன்னர் கஸிமிர் அதை உறுதிசெய்து விரிவாக்கினார். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்று பழி சுமத்தக் கூடாது என்பதுகூட அந்தப் பட்டயத்தில் இருக்கிறது. இந்தப் புரளியை மறந்துவிடாதீர்கள், திருமங்கலம் வாசகிக்குச் சொல்லும்போது திரும்ப வரும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1764 வரை யூதர்களுக்கென்று 'நான்கு நாடுகளின் சபை' என்ற சொந்த ஆட்சி மன்றமே அங்கே இருந்தது.

அப்புறம் எங்கே கெட்டது என்றால், குத்தகையில். பண்ணை பிரபுவுக்குச் சொந்தம், அவர் ஊரில் இருப்பதில்லை. மாவு மில்லையும் சாராயக்கடையையும் வரி வசூலையும் யூதருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போய்விடுவார். குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கட்டியவர் அதை எடுக்க வேண்டுமே, குடியானவனிடம்தான் கறப்பார். நம் பக்கம் ஜமீன்தாரைக் கண்ணால் பார்க்காத ஊர்க்காரன் கணக்குப்பிள்ளையைத்தான் சபிப்பான் இல்லையா, அதே கதை. 1648இல் உக்ரைன் பகுதியில் க்மெல்னித்ஸ்கி தலைமையில் கலகம் வெடித்தபோது பிரபுக்கள் சிலர் தப்பித்துக்கொண்டார்கள், யூதக் குடும்பங்கள் பல்லாயிரக்கணக்கில் வெட்டுப்பட்டன.

ஹிட்லர் வந்த பிறகுதானே இதெல்லாம்? கல்லூரிப் போட்டிக்காகக் கேட்கிறேன்.
மாணவர், உசிலம்பட்டி

இல்லை தம்பி. போட்டியில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும். 1918இல் போலந்து திரும்ப ஒரு நாடாக எழுந்தது. 1931 கணக்கெடுப்பில் யூதர்கள் ஏறக்குறைய 31 லட்சம், பத்தில் ஒருவர். 1922இல் நாடாளுமன்றம் நருடோவிச் என்பவரை முதல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. சிறுபான்மைக் கட்சிகளின் ஓட்டும் அவருக்கு விழுந்ததால் 'யூதர்களின் ஜனாதிபதி' என்று தெருவில் கூச்சல் போட்டார்கள், பதவியேற்ற ஐந்தாம் நாள் ஒரு ஓவியக் கண்காட்சியில் வைத்து ஒரு ஓவியரே அவரைச் சுட்டுக் கொன்றார். 1936இல் பிரதமர் ஸ்க்வாட்கோவ்ஸ்கி நாடாளுமன்றத்தில் பேசியதன் சாரம், யூதர்களை அடிக்காதீர்கள், ஆனால் வியாபாரத்தில் அவர்களோடு மோதுவது தாராளமாகச் சரி என்பது. யூதர்களின் கடைவாசலில் மறியல் செய்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உனக்குப் பக்கத்தில் உத்தப்புரம் இருப்பதால் இதையும் சொல்கிறேன். அங்கே கட்டின தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை 2008இல் இடித்தது உனக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள். போலந்தின் பல்கலைக்கழகங்களில் 1937இல் பெஞ்சைப் பிரித்தார்கள். யூத மாணவரின் பதிவேட்டில் 'ஒற்றைப்படை எண் பெஞ்சுகளில் இடம்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள், இடது பக்கம் தனியாகப் போய் உட்கார வேண்டும். பல மாணவர்கள் உட்காரவே மாட்டோம் என்று பாடம் முடியும்வரை சுவரோரம் நின்றுகொண்டே குறிப்பெடுத்தார்கள். போலிஷ் பேராசிரியர்கள் சிலரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றபடியே பாடம் நடத்தினார்கள். போட்டிக்கு அந்தப் பேராசிரியர்களையும் சேர்த்து எழுது.

போலந்து மக்களும்தானே லட்சக்கணக்கில் செத்தார்கள்? கொன்றது ஜெர்மானியர்கள், பழி மட்டும் இவர்கள் தலையிலா? நீங்கள் ஒருதலைப்பட்சமாக எழுதுவதாகப் படுகிறது.
ஓய்வுபெற்ற ஆசிரியர், செல்லூர்

ஐயா, முதல் பாதி முழுக்கச் சரி. முகாம்களைக் கட்டியதும் நடத்தியதும் நாஜி ஜெர்மனி. போலந்தின் யூதர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், யூதரல்லாத போலந்துக்காரர்களும் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த அங்கே யூதரை ஒளித்து வைத்தால் மரண தண்டனை. மார்கோவா கிராமத்தில் உல்மா என்று ஒரு குடும்பம், யோசெஃப் பழமரங்கள் வளர்ப்பவர், கேமரா பைத்தியம். எட்டு யூதர்களை வீட்டில் வைத்திருந்தது தெரிந்து 1944 மார்ச் 24 அன்று ஜெர்மன் போலீஸ் வந்து அவர்களையும், யோசெஃபையும், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி விக்டோரியாவையும், ஆறு பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றது. யூதர்களைக் காப்பாற்றியதற்காக இஸ்ரேல் கௌரவித்தவர்களில் போலந்துக்காரர்கள்தான் அதிகம், 7,000க்கும் மேல்.

ஆனால் யெத்வாப்னே என்ற ஊரும் அதே போலந்துதான் ஐயா. 1941 ஜூலை 10, ஜெர்மானியர்கள் ஊருக்குள் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்த ஊர்ப் போலந்துக்காரர்கள் தங்கள் பக்கத்து வீட்டு யூதர்களைக் குழந்தை குட்டியோடு ஒரு வைக்கோல் கொட்டகைக்குள் தள்ளித் தீ வைத்தார்கள். போலந்து அரசின் விசாரணையே குறைந்தது 340 பேர் என்கிறது. ஜெர்மானியர்கள்தான் எரித்தார்கள் என்று எழுதின கல் அங்கே பல வருஷம் நின்றது, 2001இல் அதை எடுத்துவிட்டு ஜனாதிபதி க்வாஸ்னியெவ்ஸ்கி அதே ஊரில் மன்னிப்புக் கேட்டார்.

இதில் என்னைத் தூங்கவிடாத ஆள் ஒருவர் உண்டு, சோஃபியா கொஸ்ஸாக் என்ற கத்தோலிக்க நாவலாசிரியை. 1942 ஆகஸ்டில், வார்சா யூதர்களை ரயிலேற்றி ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, ரகசியத் துண்டறிக்கை ஒன்று எழுதினார். கொலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவன் கொலைக்கு உடந்தை என்றார். அதே தாளில், யூதர்களைப் போலந்தின் எதிரிகளாக நினைப்பதை நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை என்றும் எழுதினார். எழுதிவிட்டு உட்காரவும் இல்லை, யூதர்களைக் காப்பாற்ற ரகசிய அமைப்பு தொடங்கியவர்களில் ஒருவரானார், அதுதான் பிறகு ஜெகோட்டா ஆனது, பிடிபட்டு ஆஷ்விட்ஸுக்கும் போனார். இவரை எந்தப் பக்கத்தில் நிறுத்துவீர்கள் ஐயா? ஒருதலைப்பட்சமாக எழுத ஆசைப்பட்டாலும் இந்த அம்மா விடமாட்டேன் என்கிறார். 2018இல் போலந்து அரசு, நாஜிக் குற்றங்களில் போலந்து தேசத்துக்குப் பங்கு என்று பொய்யாகச் சொன்னால் மூன்று வருஷம் வரை சிறை என்று சட்டம் போட்டது, உலகமே சத்தம் போட்டதும் சில மாதங்களில் அந்தத் தண்டனையை எடுத்துவிட்டது.

போர் முடிந்த பிறகாவது நிம்மதியாக இருந்தார்களா?
வாசகி, திருமங்கலம்

இல்லை அம்மா. 1946 ஜூலையில் கியெல்ட்சே நகரில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் சொல்லாமல் வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்தான். அடி விழும் என்ற பயத்தில், யூதர்கள் என்னைப் பிடித்து நிலவறையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை விட்டான். அவன் கைகாட்டிய, யூதர்கள் தங்கியிருந்த வீட்டில் நிலவறையே கிடையாது. இருந்தாலும் ஏழு நூற்றாண்டு முன்பு கலிஷ் பட்டயம் தடை செய்த அதே ரத்தப் புரளி ஊருக்குள் பரவியது, போலீசும் சிப்பாய்களும் உள்ளே நுழைந்து சுட்டார்கள், ஆலைத் தொழிலாளிகள் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். செத்தவர்கள் 40க்கும் மேல், ஹிட்லரிடம் தப்பி வந்தவர்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் 2018இல் கோயிலுக்குப் போன மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று சொல்லி அடித்தே கொன்றார்களே, அங்கே வாட்ஸ்அப் இருந்தது, கியெல்ட்சேக்காரர்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் மூட்டை கட்டினார்கள். மிச்சம் இருந்தவர்களிலும் பலரை 1968இல் கம்யூனிஸ்ட் அரசே விரட்டியது, இந்தமுறை குற்றச்சாட்டு இஸ்ரேல் ஆதரவு. பதின்மூன்றாயிரம் பேர் போல வெளியேறினார்கள், பலர் வார்சாவின் க்தான்ஸ்கா ரயில் நிலையத்திலிருந்து. பிறந்த நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் தரவில்லை, ஒரு பயண ஆவணம் மட்டும் தந்தார்கள். இதை வைத்திருப்பவர் போலந்துக் குடிமகன் அல்ல என்று அதில் அச்சடித்திருந்தது.