பட்டப்பகலில் ஏன் இருட்டு?

கேள்வி: பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, ஓனே என்ற சின்ன ஊரில் செயின்ட் பியேர் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். 12-ஆம் நூற்றாண்டு, ரோமனெஸ்க் பாணி (அரைவட்ட வளைவும் தடிச் சுவருமாகக் கட்டிய பழைய ஐரோப்பியப் பாணி) என்றார்கள். உள்ளே ஒரே இருட்டு. நம்ம புதுச்சேரி கப்ஸ் மாதா கோயிலிலும் அரைவட்ட வளைவுதானே, அது மட்டும் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வளைவைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள், பரவாயில்லை, நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். கப்ஸ் கோயில் கட்டி முடிந்தது 1855-இல். அதற்கும் ஓனேவுக்கும் நடுவே 700 வருஷம் இருக்கிறது, அதற்குள் கட்டும் முறை நிறைய மாறிவிட்டது.

ஓனே இருட்டுக்குக் காரணம் கூரை. மரக் கூரை தீப்பிடிக்கும் என்பதால் கல்லிலேயே நீளமாக, பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி மூடினார்கள். திருப்பாதிரிப்புலியூர் கோயில் மண்டபத்தில் கல் உத்தரத்தின் பாரம் தூண் வழியே நேராகக் கீழே இறங்கிவிடும், வளைந்த கூரை அப்படி இல்லை, இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கச் சுவரைத் தடியாக எழுப்ப வேண்டும், அதில் பெரிய ஜன்னல் வைத்தால் பலம் போச்சு. ஓனேவில் நடு மண்டபத்துச் சுவரின் மேல்பக்கம் ஜன்னலே கிடையாது, பக்கவாட்டு நடைகளைத் தாண்டி வருகிற வெளிச்சம்தான்.

பிறகு வந்த கோதிக் பாணிக் கொத்தனார்கள் கூரையின் பாரத்தை விலா எலும்பு மாதிரியான கல் வளைவுகளில் திரட்டிச் சில புள்ளிகளில் மட்டும் இறக்கி, அங்கே வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த சுவருக்கு வேலை குறைந்தது, அங்கே கண்ணாடி வந்தது. ரயிலடிப் பக்கம் இருக்கிற இருதய ஆண்டவர் கோயில், 1907-இல் முடிந்தது, அந்தக் கோதிக்கைப் பார்த்துக் கட்டியதுதான். வண்ணக் கண்ணாடியைப் பார்க்கச் சாயங்காலம் போங்கள்.

கோதிக்கில் வளைவுகள் உச்சியில் கூராக இருக்கும், அதற்காகக் கூர் வளைவு என்றால் கோதிக் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஓனே கூரையே உச்சியில் லேசாகக் கூராகத்தான் இருக்கும், சுவர்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அங்கே ஒரு தூணின் தலையில் யானை இருந்தது! பிரான்சில் யானை எப்படி?
– அதே வாசகி

பதில்: அதை நீங்கள் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் நிறையப் பேர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. மேலே லத்தீனில் ஓர் எழுத்து வரி இருந்திருக்குமே, அதன் அர்த்தம் 'இவை யானைகள்', அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்கள் யானையை எங்கே பார்த்தார்கள், எழுதி வைக்காவிட்டால் பன்றி என்று நினைத்திருப்பார்கள். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்ற லட்சுமி யானையிடம் ஆசி வாங்கி வளர்ந்த நமக்கு அது சிரிப்பாகத்தான் இருக்கும். தெற்கு வாசல் வளைவில் யாழ் வாசிக்கிற கழுதையும் ஒன்று உண்டு. பார்க்கவில்லை என்றால் மகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.