ம்யூட்டை எடுத்துவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிப்பவள் என்ற உரிமையில் கேட்கிறேன். என் மகனுக்கு 14 வயது. மூன்று மாதமாக ஜியோமெட்ரி டேஷ் என்று ஒரு கேமைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான். ஒரு சதுரப் பெட்டி ஓடுகிறது, முள்ளில் மோதிச் சிதறுகிறது, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. நேற்று திரையில் ‘அட்டெம்ப்ட் 312’ என்று இருந்தது. கண்ணைக் கூசவைக்கும் நீலமும் ஊதாவும், கூடவே இடைவிடாத டம் டம். தாங்கமுடியாமல் ‘ம்யூட்ல போட்டு ஆடு’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முன்னைவிட மோசமாகத் தோற்கிறான், கோபமும் கூடிவிட்டது. 312 முறை தோற்பதில் என்ன இருக்கிறது? இந்தச் சத்தத்தையும் நீங்கள் இசை என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ம்யூட்டை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் நிறுத்தியதைப் பின்னணிச் சத்தம் என்று நினைத்திருக்கிறீர்கள். அவன் எப்போது குதிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்ததே அதுதான். அந்தப் பெட்டியை அவனால் நிறுத்தவோ மெதுவாக்கவோ முடியாது. அது தானாகவே ஓடும். அவன் கையில் இருப்பது ஒரே ஒரு தட்டு. ஒரு கட்டம் என்பது அந்தப் பெட்டியின் அகலம். சாதாரண வேகத்தில் பெட்டி நொடிக்குப் பத்துக் கட்டங்களுக்குச் சற்று மேல் ஓடுகிறது. பாட்டு நிமிடத்துக்கு 160 பீட், அதாவது 160 தாளத்தட்டு, என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு பீட்டுக்குள் ஏறக்குறைய நான்கு கட்டம் போகும். வேகத்தை அவனால் மாற்றமுடியாததால் தூரமும் நேரமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. முள்ளை எங்கே நடுவது என்று முடிவுசெய்பவர் பாட்டில் எந்த இடத்தில் விரல் விழவேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறார்.

இந்த கேமை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா. தனி ஒருவராகச் செய்து 2013 ஆகஸ்டில் வெளியிட்டார். பாட்டுகள் அவருடையவை அல்ல. நியூகிரவுண்ட்ஸ் என்ற இணையதளத்தில் ஃபாரெவர்பவுண்ட், டிஜேவிஐ, வாட்டர்ஃப்ளேம் போன்ற பெயர்களில் எலக்ட்ரானிக் இசை போட்டுக்கொண்டிருந்தவர்களின் பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு லெவலைக் கட்டினார். பாட்டுக்கு மெட்டு என்பதுபோல இது பாட்டுக்குப் பாதை. மெட்டு மாறும் இடத்தில் பெட்டி ஒரு வாசலுக்குள் நுழைந்து சின்ன விமானமாகிவிடும். அழுத்திப் பிடித்தால் ஏறும், விட்டால் இறங்கும். பின்னணியின் நிறமும் பாட்டோடு சேர்ந்தே மாறும்.

முதல் லெவலான ஸ்டீரியோ மேட்னெஸை முடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. கடைசிப் பகுதியில் மூன்று முள் ஒட்டி ஒட்டி நிற்கும். முதல் முள்ளை உரசுகிற அளவுக்கு நெருங்கியபிறகு தட்டினால்தான் மூன்றாவதன் நுனியைத் தாண்டலாம். முள்ளைப் பார்த்தால் கண் பயந்துவிடுகிறது, விரல் முந்திக்கொள்கிறது, இரண்டைத் தாண்டி மூன்றாவதில் விழுகிறோம். பாதையில் எண்பது சதவீதத்துக்கு மேல் வந்து அப்படி விழுந்தால் நெஞ்சே அடைத்துவிடும். ஒருநாள் இரவு திரையைப் பாதி பார்த்தும் பார்க்காமலும், பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி ஆடினேன். அந்த இடம் வந்தது, விரல் தானாக விழுந்தது, தாண்டியிருந்தேன். எப்படித் தாண்டினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

312 முறை தோற்றான் என்கிறீர்கள். ஒரே பாட்டை 312 முறை முதலிலிருந்து கேட்டிருக்கிறான் என்று அதை வாசிக்கிறேன் நான். அந்தப் பாதையில் ஒரு முள்கூட இடம் மாறாது. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. நேற்று எங்கே இருந்ததோ இன்றும் அங்கேயேதான் இருக்கும். விழுந்த மறுநொடி பாட்டு முதல் சுரத்திலிருந்து தொடங்கிவிடும். கேம் அவனை ஏமாற்றவில்லை என்பது அவனுக்குத் தெரியும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போகிறான். இப்போதைய கோபம் வேறு. கேட்டுக் கேட்டுக் கைக்கு வந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு, கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆடு என்று சொல்லிவிட்டோம்.

அதில் ‘பிராக்டிஸ் மோட்’ என்று ஒன்று உண்டு. வழியில் பச்சை வைரம்போல ஒரு குறி விழும். விழுந்தால் அங்கிருந்தே தொடரலாம். நீண்ட காலம் அந்தப் பயிற்சியில் லெவலின் பாட்டே வராது, வேறொரு சாந்தமான இசைதான் ஓடும். அதில் பாதையை நன்றாகப் பழகிவிட்டு அசல் லெவலுக்குத் திரும்பும்போது, தனக்குத் தெரிந்த ஒவ்வொரு குதிப்புக்கும் நேராக ஒரு பீட் வந்து உட்காரும். அந்த முதல் தடவையின் சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

இது இசையா என்று கேட்டீர்கள். எல்லாப் பாட்டும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். சில எனக்கும் வெறும் இடிதான். ஆனால் வாட்டர்ஃப்ளேமின் ‘டைம் மெஷின்’ கேட்டுப்பாருங்கள், கேம் இல்லாமலே கேட்கலாம். நீங்களே சோதித்துப்பார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் முழுப் பதிப்பில் நாமே லெவல் கட்டும் வசதி உண்டு. உலகம் முழுக்க ஆடுபவர்கள் கட்டி ஏற்றிய லெவல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பாட்டை ஓடவிட்டு பீட்டுக்குப் பீட் தட்டினால், தட்டிய இடமெல்லாம் கோடாக விழும். அந்தக் கோடுகளின்மேல்தான் முள்ளும் மேடையும் வைக்கவேண்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு நீங்கள் தட்டுங்கள், அவன் முள் நடட்டும்.

கண் கூசுவதாகச் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. வெளிச்சம் பட்டுப்பட்டென்று மின்னும் லெவல்கள் நிறைய உண்டு. வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஆடவிடாதீர்கள். மற்றவர்களும் இருட்டறையில் ஆடவேண்டாம். பல லெவல்களில் அலங்காரத்தைக் குறைத்துக் காட்டும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள்.

சத்தம் உங்களுக்கு வேண்டாம் என்றால் ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். ஆனால் ப்ளூடூத் வேண்டாம். அதில் ஒலி கொஞ்சம் தாமதித்து வரும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தினாலும் பெட்டி இரண்டு கட்டம் முன்னால் போயிருக்கும். காது சொல்வதை நம்பித் தட்டினால் நேராக முள்ளில்தான் போய் நிற்பான். அதனால் ஒயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போனில் அதைச் சொருகும் துளை இருக்கிறதா என்று கடைக்குப் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அவன் எந்த லெவலில் நிற்கிறான் என்று எழுதவில்லையே. கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்