மருத்துவர் பதில்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தடுப்பூசி போடலாமா?

கேள்வி: நான் பினாங்கு, பிறையில் இருக்கிறேன். இப்போது 29 வாரம். பாலர் பள்ளிக்குப் போகும் மூத்தவன் மாதத்தில் பாதி நாள் இருமிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறான். ஃபுளூ, கக்குவான் ஊசிகளைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள் தோழி. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கண்ட ஊசியும் ஆகாது என்கிறார் மாமியார். ஆர்.எஸ்.வி. ஊசி என்று புதிதாக ஒன்றும் வந்திருக்கிறதாமே?

பதில்: போட்டுக்கொள்ளுங்கள். 29 வாரம் அதற்குத் தோதான நேரம்.

நம் நாட்டில் குழந்தைக்குக் கக்குவான் தடுப்பூசி 2 மாதத்தில்தான் தொடங்குகிறது. ஃபுளூ ஊசியை 6 மாதத்துக்கு முன் போட முடியாது. அதுவரை, உங்கள் இரத்தத்தில் உருவாகித் தொப்புள்கொடி வழியாக இறங்கும் எதிர்ப்புச் சக்திதான் பிள்ளைக்குக் காவல். அது அதிகம் இறங்குவது கடைசி மூன்று மாதத்தில். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது ஆகும், அதனால் பிரசவம் நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கக்குவான் வந்த ஐந்து வாரக் குழந்தை ஒன்றுடன் ராத்திரி முழுக்க நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெரிதாகச் சத்தம் போட்டு இருமும் என்றுதான் நினைப்போம். அவ்வளவு சின்ன உடம்பில் அதற்குத் தெம்பு ஏது? நாலைந்து சிறு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. மூச்சு நின்று உதடு நீலமாகிவிடும். உள்ளங்காலைத் தட்டித் தட்டி மூச்சு விடவைத்தோம். வீட்டில் தாய்க்குச் சில வாரமாக இருமல் இருந்திருக்கிறது, சாதாரண இருமல் என்று விட்டுவிட்டார்.

கிளினிக்கில் கொடுத்த பிங்க் புத்தகத்தை, அதாவது உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டை, எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே போட்ட ஊசி இரணஜன்னிக்கு மட்டும் உள்ளதா, கக்குவானும் சேர்ந்த டிடேப் ஊசியா என்று தாதியிடம் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. டிடேப்பை 27 முதல் 36 வாரத்துக்குள், ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். மூத்தவன் வயிற்றில் இருந்தபோது நீங்கள் போட்டது இந்தப் பிள்ளைக்கு உதவாது.

ஃபுளூ ஊசி எந்த மாதத்திலும் போடலாம். அது முதலில் உங்களுக்காக. கர்ப்பத்தில் ஃபுளூ நுரையீரலுக்கு இறங்கினால் தாய்க்கே ஆபத்து, 2009 பன்றிக்காய்ச்சலில் அதைக் கண்கூடாகப் பார்த்தோம்.

ஆர்.எஸ்.வி. கைக்குழந்தையின் நுண்ணிய மூச்சுக்குழாய்களை அடைக்கும் கிருமி. இரண்டு வாய் குடித்ததும் மார்பை விட்டுவிட்டு மூச்சு வாங்கும், விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கும். தாய்க்குப் போடும் இந்த ஊசி, முதல் 3 மாதத்தில் கடுமையான ஆர்.எஸ்.வி. நோயைச் சுமார் 80 விழுக்காடு குறைத்ததாகப் பெரிய ஆய்வு காட்டியது. அதில் குறைமாதப் பிரசவம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது, ஊசிதான் காரணம் என்று உறுதியாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 28 வாரத்திலிருந்து போடலாம் என்கிறது. அமெரிக்காவில் முன்னெச்சரிக்கையாக 32 முதல் 36 வாரத்துக்குள் போடுகிறார்கள். உங்களுக்குத் தயக்கம் இருந்தால் 32 வரை பொறுங்கள். தனியாரில் விலை அதிகம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலும் உயிருள்ள கிருமி கிடையாது. கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம், பாராசிட்டமால் போதும். மாமியார் பயப்படுவது பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள், சந்தேகத்தைத் தாதியிடம் நேரிலேயே கேட்கட்டும். பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டப் போகிறவர் அவர், அவருக்கும் அப்படியே ஒரு ஃபுளூ ஊசி போட்டுவிடலாம்.