மருத்துவரிடம் கேளுங்கள்: பழைய வேலையும் இன்றைய மூச்சுத் திணறலும்

கேள்வி: என் கணவருக்கு வயது 59. இருபது வயதிலிருந்து பதினாறு ஆண்டுகள், ஒரு மேஸ்திரியிடம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துத் துளையிட்டுக் கூரை போடும் வேலை செய்தார். பிறகு மளிகைக் கடை வைத்துவிட்டோம். ஓராண்டாக மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது; வறட்டு இருமலும் விடவில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் காசநோய் மாத்திரையை ஆறு மாதம் கொடுத்தார்கள், குணமில்லை. எப்போதோ விட்டுவிட்ட வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? அந்தச் சட்டைகளை உதறித் துவைத்தவள் நான்தான். எனக்கும் ஆபத்து உண்டா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: தொடர்பு இருக்கலாம்; அதைச் சோதித்துத் தெளிவுபடுத்தியே ஆக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் ஒரு கனிமம். ஷீட்டை அறுக்கும்போது கிளம்பும் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கல்நார் இழைகள் கலந்திருக்கும். மூச்சோடு ஆழமாகச் சென்று தங்கிவிட்ட நீண்ட இழைகளை விழுங்கி அழிக்க முயலும் காப்பு அணுக்கள் தாமே சிதைந்து அழற்சியைத் தூண்டுவதால், அந்த இடம் மெல்ல மெல்லத் தழும்பாக இறுகிப்போகிறது. வேலையை விட்ட பிறகும் இது நிற்பதில்லை. இப்படி நுரையீரல் விறைத்துப்போகும் நோயை அஸ்பெஸ்டோசிஸ் என்கிறோம். இது பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்தே வெளிப்படும். நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்கு 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம்.

உங்கள் கணவருக்கு இருக்கும் இரண்டு அறிகுறிகளும் அஸ்பெஸ்டோசிஸில் முதலில் தோன்றுபவை. விரல் நுனிகள் தடித்து நகங்கள் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மருத்துவர் முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால், வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற நொறுநொறு ஒலி மூச்சை உள்ளிழுக்கும்போது கேட்கக்கூடும். ஒரு பக்கமாக நீடிக்கும் நெஞ்சுவலி, காரணமில்லாத உடல் மெலிவு, சளியில் இரத்தம், நுரையீரல் உறையில் நீர் கோத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போவதுண்டு. ஆகவே உயர்துல்லிய சி.டி. ஸ்கேனும், நுரையீரலின் கொள்ளளவையும் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் கடத்தும் திறனையும் அளக்கும் பரிசோதனைகளும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றை நீங்கள்தான் செய்ய முடியும். 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் வரையோ, ஓய்வுபெற்ற பின் 15 ஆண்டுகள் வரையோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மேஸ்திரியிடம் நாள்கூலிக்குப் போன உங்கள் கணவரின் பெயரில் அப்படி ஒரு தாள்கூட எங்கும் இருக்காது. அவருக்கு உங்கள் நினைவுதான் பதிவேடு. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தக் கருவியால் அறுத்தார், முகத்தில் என்ன கட்டியிருந்தார் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நுரையீரல் மருத்துவரிடம் கொடுங்கள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் 'இப்போது என்ன வேலை' என்று கேட்டால் 'மளிகைக் கடை' என்ற பதிலோடு விசாரணை முடிந்துவிடுகிறது. எங்கள் துறையின் இந்தக் குறை என்னை வருத்துகிறது.

தழும்பை நீக்க மருந்து கிடையாது. ஆயினும் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளும், மூச்சுப் பயிற்சியும், தேவைப்படும்போது ஆக்சிஜனும் வாழ்க்கையை எளிதாக்கும். அவருக்கு பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும். கல்நாரும் புகையும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகிறது.

உங்களைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே. கல்நார்த் தொழிலாளர்களின் துணிகளைத் துவைத்த குடும்பத்தினருக்கும் மீசோதீலியோமா வந்ததை 1965ஆம் ஆண்டிலேயே லண்டன் ஆய்வொன்று பதிவு செய்தது. அப்படித் துவைத்தவர்களில் மிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது, அச்சம் வேண்டாம். ஆனால் மூச்சு வாங்குதலோ நெஞ்சுவலியோ தோன்றினால் துணி துவைத்த விவரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரை இருபத்தைந்து ஆண்டுப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெள்ளைக் கல்நார் என்பதால் ஆபத்தில்லை என்கிறார் கடைக்காரர். பிரித்துவிடலாமா?
- வாசகர், அரக்கோணம்

பதில்: கடைக்காரர் சொல்வது தவறு. வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. 60க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. எனினும் உடையாத கூரையின் கீழ் வசிப்பதில் அபாயம் குறைவு. ஷீட்டில் உள்ள சிமெண்ட், கல்நார் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும். அவசரமாக உடைத்துப் பிரிப்பதுதான் அதிக ஆபத்து. விரிசலோ மேற்பரப்பு உதிர்வோ இருந்து மாற்றத்தான் வேண்டுமென்றால், ஷீட்டை நன்கு நனைத்து, ஆணியையும் போல்ட்டையும் கழற்றி, முழுசாக இறக்கச் செய்யுங்கள். வேலையாட்களுக்குத் துணி முகக்கவசமோ அறுவை சிகிச்சை முகக்கவசமோ போதாது. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். குழந்தைகளை அன்று வேறு வீட்டில் விடுங்கள். கீழே விழுந்த துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியோடு கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் சேருங்கள். பள்ளம் நிரப்பவோ தளத்துக்கு ஜல்லியாகவோ உடைத்துப் போடாதீர்கள்.