கப்போர்டு கதவுக்குப் பெயின்ட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மரவேலையும் பெயின்ட் வேலையும் பல வருடப் பழக்கம். சமையலறைக் கதவுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். கல், குழாய், டைல்ஸ் எல்லாம் வேறு ஆளிடம்.

கேள்வி: எங்களுடையது லேமினேட் ஒட்டிய தட்டைக் கதவு. அதன் மேல் பெயின்ட் நிற்குமா?

நிற்கும். உரிந்துபோன கதவுகளை நிறையப் பார்த்துவிட்டேன். பெயின்ட்டைத் திட்டுவார்கள், குற்றவாளி அடியில் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்புக்கு மேலே இருக்கும் கதவையும் கைப்பிடியைச் சுற்றியும் விரலால் தேய்த்துப் பாருங்கள். புகையோடு படியும் எண்ணெய், நாளாக நாளாகப் பிசின் போல இறுகிவிடும், ஈரத்துணிக்கு அசையாது. வெந்நீரில் பாத்திர சோப்பு போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, காய விடுங்கள். அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். வரிசையை மாற்றினால், தாள் போட்ட கீறலுக்குள் எண்ணெயை நீங்களே தேய்த்து அடைக்கிறீர்கள்.

180 அல்லது 220 நம்பர் தாள் போதும். பளபளப்பு மங்கினால் நிறுத்திவிடுங்கள், லேமினேட்டின் டிசைன் தாள் மிக மெல்லியது. தூசியைத் துடைத்து, வழவழப்பான பரப்பில் பிடிக்கும் பிரைமர் ஒரு கோட், மேலே பெயின்ட் மெல்லிசாக இரண்டு கோட். கோட்டுக்கு நடுவே லேசாக ஒரு தேய்ப்பு.

கதவைக் கழற்றும்போதே நம்பர் போடுங்கள். கீல் உட்காரும் 35 மி.மீ. குழிக்குள் எழுதி மேலே டேப் ஒட்டினால், பெயின்ட் மறைக்காது, மாட்டிய பிறகு கண்ணிலும் படாது. எல்லாக் கதவும் ஒரே அளவுதானே என்று நம்பரை விட்டவர்கள், மாட்டும் நாளில் இடுக்கு சரிசெய்தே ஓய்ந்துபோவார்கள்.

என்ன நிறம் அடிக்கலாம்?

உங்கள் கண், உங்கள் இஷ்டம். ஒரு கதவின் பின்பக்கத்தில் அடித்துப் பகலிலும் விளக்கிலும் பாருங்கள்.

கதவு வெறும் பலகையாக இருக்கிறது. சுற்றிலும் சட்டம் அடித்த மாதிரி காட்ட முடியுமா?

எனக்குப் பிடித்த வேலை இது. 6 மி.மீ. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை 60 மி.மீ. அகலத்துக்குப் பட்டை பட்டையாக அறுத்து, நான்கு ஓரமும் பசையால் ஒட்டுங்கள். முதலில் இரண்டு நெட்டுப் பட்டைகள், நடுவில் குறுக்குப் பட்டைகள். ஒட்டும் இடத்தில் லேமினேட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும் (பிசுக்கை எடுத்த பிறகு). பட்டையின் அறுத்த விளிம்பு பெயின்ட்டைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும். அங்கே பிரைமர் இரண்டு தரம் கொடுத்துத் தேயுங்கள். இடுக்கை அடைக்கும் சீலன்ட்டில் அக்ரிலிக் வகையே வாங்குங்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது.

ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. கதவு 6 மி.மீ. தடித்தால், திறக்கும்போது கீல் பக்க விளிம்பு பக்கத்துக் கதவில் இடிக்கலாம். மூலையில் ஒன்றுக்கொன்று குறுக்கே திறக்கும் கதவும் டிராயரும் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரட்டைப் பக்க டேப்பில் ஒரு பட்டையை ஒட்டி, எல்லாக் கதவையும் முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். நான் ஒரு முறை இதைச் செய்யாமல் 14 கதவுக்கும் பட்டை ஒட்டினேன். இரண்டைப் பெயர்த்தெடுத்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். கைப்பிடித் திருகும் பழையதைவிட 6 மி.மீ. கூடுதல் நீளமாக வேண்டும்.

கைப்பிடி மட்டும் மாற்றினால்?

அதற்கே பாதி முகம் மாறிவிடும். ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை அளந்துகொண்டு போங்கள். 96, 128, 160 என்று 32-இன் மடங்காகவே பெரும்பாலும் வரும். பொருந்தாவிட்டால் பழைய துளையை எபாக்ஸி புட்டியால் அடைத்துப் புதிதாகத் துளையிடுங்கள்.

எனாமலா, தண்ணீர்ப் பெயின்ட்டா?

வெள்ளை என்றால் எண்ணெய் எனாமல் வேண்டாம், மஞ்சளிக்கும். வெளிச்சம் படாத உள்பக்கம் இன்னும் சீக்கிரம். கப்போர்டுக்கென்றே வரும் தண்ணீர் வகை எனாமல் நல்லது. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் இறுகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முழுக்க இறுக 3, 4 வாரம் ஆகும். அதுவரை தேய்த்துக் கழுவாதீர்கள்.

ஐயா, உப்புத்தாளே தேவையில்லை. இப்போதைய பிரைமர் கண்ணாடியிலேயே ஒட்டுகிறது. டப்பாவிலேயே போட்டிருக்கிறான்.

முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருப்பான். பின்பக்கம் சிறிய எழுத்தில் "சுத்தமான, மங்கலான பரப்பு" என்றும் பெரும்பாலும் இருக்கும். அதையும் படியுங்கள்.

படித்தேன். ஆனால் இரண்டு வருடம் முன்பு தேய்க்காமல்தான் அடித்தேன், ஒரு சில்லு கூடப் போகவில்லை. அனுபவத்துக்கு மேல் என்ன?

அனுபவம் எனக்கும் உண்டு, எதிர்ப்பக்கமாக. வாய்ச்சண்டை வேண்டாம். புது பிளேடால் பெயின்ட்டின் மேல் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறுங்கள். டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் பிடிப்பு இல்லை. தொழிற்சாலைகளில் ஐ.எஸ்.ஓ. 2409 என்ற பெயரில் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கதவின் உள்பக்கம், கீழ் ஓரத்தில் செய்யுங்கள்.

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பழைய பெயின்ட்டைத் தேய்த்தால் ஈயம் பறக்காதா? அதைச் சொல்லாமல் எல்லாரையும் தேய்க்கச் சொல்கிறீர்களே.

நியாயம், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பல வருடம் பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் தாளை எடுக்காதீர்கள். இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பழக்கப்பட்ட ஆளிடம் விடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பெயின்ட் படாத வெறும் லேமினேட்டுக்கு இந்தப் பயம் இல்லை, சாதாரண முகமூடி போதும்.

அப்படியானால் தேய்க்காமல் அடிப்பதுதான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

இல்லை.

கதவு தண்ணீரில் ஊறி உப்பிவிட்டது. பட்டி பார்த்துச் சரிசெய்யலாமா?

உப்பிய எம்.டி.எஃப் பழையபடி வராது. அந்த ஒரு கதவை மாற்றுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?

வாடகை வீட்டுக்கு நல்ல வழி. அடுப்புப் பக்கம் ஓரம் தூக்கும். துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

லேமினேட் மேல் பெயின்ட் நிற்குமா?

முதல் பதில்.

அவசரமாக முடிக்க வேண்டும். துடைப்பதை விட்டுவிட்டு நேராகத் தேய்த்தால்?

முதல் பதில். "வரிசை" என்று ஆரம்பிக்கும் வாக்கியம். இரண்டு தரம் படியுங்கள்.

புதுக் கதவையும் துடைக்க வேண்டுமா?

தூக்கி வந்தது கைதானே? துடையுங்கள்.

சிங்க் மேலே கல் கறுத்துவிட்டது...

வேறு ஆள்.

ஐயா, உப்புத்தாள் விவகாரம். நீங்கள் சொன்னபடி கீறி டேப் ஒட்டி இழுத்தேன். ஒரு கட்டம் கூட வரவில்லை!

சந்தோஷம். எந்தக் கதவு?

தட்டு அடுக்கும் அலமாரி. ஜன்னல் பக்கம்.

அடுப்புக்கு மேலே இருக்கிற கதவில் கீறிவிட்டு வாருங்கள். இங்கேயே இருக்கிறேன்.