உதவி பெறும் குழந்தைகளின் எடை கூடுதலாக இருப்பது ஏன்?

உணவு உதவித் திட்டம் பற்றிய உங்கள் ஆய்வறிக்கையில், உதவிதான் குழந்தைகளின் எடையைக் கூட்டியது என்று எழுத வேண்டாம். உதவி பெறும் நான்கு வயதுக் குழந்தைகள், பெறாதவர்களைவிடச் சராசரியாக எடை கூடியிருக்கிறார்கள் என்ற உங்கள் ஒப்பீடு அந்த முடிவைத் தாங்காது.

யார் உதவி கேட்டு வருகிறார்கள் என்பதிலேயே பெரும்பாலும் காரணம் இருக்கும். குறைந்த வருமானம், நேரங்கெட்ட வேலை, மலிவாகக் கிடைக்கும் இனிப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்கள் ஆகியவை குடும்பத்தை உதவிக்கு அனுப்புவதற்கு முன்பே குழந்தையின் தட்டைத் தீர்மானித்துவிடுகின்றன.

இதைச் சரிபார்க்க, தகுதி இருந்தும் உதவி பெறாத குடும்பங்களின் குழந்தைகளோடு ஒப்பிடுங்கள். திட்டத்தில் சேர்ந்த நாளன்று எடுத்த எடை பதிவேட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அன்றே கூடுதலாக இருந்த எடைக்கு உதவியைக் குறை சொல்ல இடமில்லை. வெறும் கிலோவை வைத்துக்கொள்ளாமல், உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சித் தரங்களின்படி உயரத்துக்கேற்ற எடையாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வயதில் படுக்கவைத்து அளந்த நீளமாக இருந்தால், நிற்கவைத்து அளந்த உயரமாக மாற்ற 0.7 செ.மீ. கழிக்க வேண்டும் (பலர் விட்டுவிடுவது இதைத்தான்).

குழந்தைகள் என்ன சாப்பிட்டார்கள் என்ற விவரத்தையும் சேகரித்திருந்தால், அதை மாதத்தின் எந்த வாரத்தில் கேட்டீர்கள்? மாதம் ஒருமுறை வரும் உதவியில், முதல் வாரத்தில் பாலும் பழமும் கொடுத்ததாகச் சொல்லும் தாயே கடைசி வாரத்தில் வேறு பதில் சொல்லக்கூடும்.

ஓர் எச்சரிக்கை: தகுதி இருந்தும் வராதவர்களில் சிலருக்கு உறவினர் துணை இருக்கும், சிலருக்குக் கூச்சம் தடையாகும், ஆகவே இந்த ஒப்பீடும் முழுமையானதல்ல. சராசரியும் மெலிந்த குழந்தைகளையும் பருத்த குழந்தைகளையும் ஒருசேர மறைத்துவிடும் என்பதால், அந்தத் தரங்களின் நடு அளவிலிருந்து திட்ட விலக்கம் (standard deviation) −2க்குக் கீழுள்ள மெலிந்தோரையும் +2க்கு மேலுள்ள பருத்தோரையும் தனித்தனியே எண்ணிக் காட்டுங்கள்.