டெல்லி நம்பர் பிளேட்டும் 32 லட்சமும்

கேள்வி: டெல்லியில் பதிவான 2019 மாடல் ஜெர்மன் கார். பெட்ரோல், ஆறு சிலிண்டர், ஸ்போர்ட்ஸ் செடான். புதிதில் ஷோரூம் விலை 80 லட்சம்; இப்போது 32 சொல்கிறார்கள். “இறங்க வேண்டியது எல்லாம் இறங்கிவிட்டது, மூன்று வருஷம் ஓட்டிவிட்டு 25-க்குத் தள்ளிவிடலாம்” என்கிறான் நண்பன். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி. இந்த ரகக் காரில் விலை இறங்குவதால் வரும் பலத்த அடி முதல் ஓனருக்குத்தான். தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 80 லட்ச ரூபாய் காருக்கு அதுவே 16 லட்சம். செகண்ட் ஹேண்டில் வாங்க வருகிறவர் அதையெல்லாம் கணக்கில் சேர்த்தா விலை பேசுவார்? போதாக்குறைக்கு, செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 40 ஆனது. புதுசு விலை இறங்கினால் பழசு ஏறியா நிற்கும்?

நீங்கள் பார்த்திருப்பதோ டெல்லி வண்டி. அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே பதிவை மாற்றும்போது, வண்டியின் வயதுக்கேற்ற வரியை நீங்கள் கட்ட வேண்டும். அது எவ்வளவு என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டு அப்புறம் பேரத்தை ஆரம்பியுங்கள்.

இனி நண்பர் சொல்லாத பாதி. இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். உள்ளே இருக்கும் டர்போ, கியர்பாக்ஸ், பிரேக் டிஸ்க் எல்லாம் 80 லட்ச ரூபாய் காருடையவை; நீங்கள் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கினீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. இன்ஷூரன்ஸும் அப்படியே கைகொடுக்காது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தரும் ‘ஜீரோ டெப்’ பெரும்பாலும் வண்டியின் ஐந்து வயது வரைதான் கிடைக்கும். அதன் பிறகு கிளெய்மில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதியையும் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதத்தையும் கழித்துவிடுவார்கள். காந்திபுரம் சிக்னலில் ஒருவர் பின்னால் வந்து இடித்தால், பம்பர் விலையில் பாதி உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

25-க்கு விற்பதா? எனக்கு நம்பிக்கையில்லை. அப்போது வண்டிக்கு ஒன்பது, பத்து வயது ஆகியிருக்கும். அந்த வயதில் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், ரொக்கத்தோடு வருகிறவர் அடித்துத்தான் கேட்பார். விலை நிற்க வேண்டுமானால் வண்டி அரிதாகவும் இருக்க வேண்டும், ஆசைப்பட ஆளும் இருக்க வேண்டும். 2020-ல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்த ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் 245 அப்படி ஒன்று. உங்கள் பட்ஜெட்டில் அந்த மாதிரி ஏதாவது தேடினால் நான் சந்தோஷப்படுவேன்.

இல்லை, மனசு இதிலேயே நிற்கிறது என்றால் நேரில் போய் முதலில் டயரைக் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரம் தயாரானது. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், ஓனர் கையை இறுக்கிப் பிடித்தவர். அவர் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். இன்ஜினை ஆறவிட்டு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். சைலன்சர் மாற்றி, ரீமேப் செய்த (பவர் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிய) வண்டி என்றால் அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், முழு சர்வீஸ் ரெக்கார்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “நேரில் வாங்க சார், பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் டெல்லிக்கு டிக்கெட் போட வேண்டாம்.